டர்போ காருக்கு வீட்டிலேயே குளிர்காற்றுப் பெட்டி செய்வது எப்படி?

பெரிய வெள்ளியன்று, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே உள்ள மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும் சாலையில் கார்கள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வரிசையில்தான் என் 1.8 லிட்டர் டர்போ காரும் நின்றிருந்தது. வண்டிக்குப் புதிதாக ஒரு கூம்பு வடிவக் காற்று வடிகட்டி வாங்கிப் பொருத்தியிருந்தேன். காற்றை இழுக்கும் சத்தம் அபாரமாக இருந்தது. ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானியின் முனையை அந்த வடிகட்டிக்குப் பக்கத்தில் கட்டி, ஒயரை உள்ளே இழுத்து, திரையை டாஷ்போர்டின் மேல் வைத்திருந்தேன். வெளியே 27 டிகிரி. திரையில் 61.

வரிசையைத் தாண்டி வேகமெடுத்த பிறகும் அந்த எண் சட்டென்று இறங்கவில்லை. 61 டிகிரிக் காற்று 27 டிகிரிக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. கம்பெனி கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, பணம் செலவழித்து எஞ்சினுக்குச் சுடுகாற்று ஊட்டிக்கொண்டிருந்தேன். டர்பன், பீனிக்ஸ், லெனேசியா என்று இந்த நாட்டில் எங்கே இருந்தாலும், புதிதாக ஒரு பழைய டர்போ காரை வாங்கும் நம்மவர்களில் பலர் முதலில் செய்வது இதே வேலையைத்தான். அதனால்தான் படிப்படியாக எழுதுகிறேன். குளிர்காற்றுப் பெட்டி என்பது, வடிகட்டியைச் சுற்றி மூடி, எஞ்சின் சூட்டைத் தடுத்து, வெளிக்காற்றை மட்டும் உள்ளே விடும் பெட்டி.

முதலில் ஒரு உண்மை

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனியே குளிர்காற்று அமைப்பைத்தான் கொடுத்திருக்கிறது. பானெட்டைத் திறந்து வடிகட்டிப் பெட்டியிலிருந்து முன்புறமாகப் போகும் குழாயைத் தொடர்ந்து பாருங்கள். அது கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலோ வெளிக்காற்றைத்தான் எடுக்கும். நீங்கள் செய்யப்போகும் பெட்டி அதைவிட நன்றாக இருந்தால் மட்டுமே இந்த வேலைக்குப் பொருள் உண்டு. கம்பெனி அமைப்பில் குறை இருந்தால், அது பெரும்பாலும் வெப்பத்தில் இருக்காது, நெருக்கடியில் இருக்கும். குறுகிய வாய், சத்தத்தை அடக்கச் செய்த வளைவுகள், அழுக்கேறிய வடிகட்டி என்று காற்றின் தொண்டையை இறுக்கும் இடங்கள்தான் அவை.

டர்போ காரில் இந்த இறுக்கம் ஏன் முக்கியம்? டர்போ என்பது எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டும் கருவி. அதன் கம்ப்ரசர் காற்றை அமுக்கும்போது காற்று சூடாகும். 30 டிகிரிக் காற்றை 1.8 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரில் அது ஏறக்குறைய 110 டிகிரியில் வெளியே வரும். அதே கம்ப்ரசருக்கு 60 டிகிரிக் காற்றைக் கொடுத்தால் ஏறக்குறைய 147 டிகிரி. நுழையும்போது இருந்த 30 டிகிரி வித்தியாசம் வெளியேறும்போது 37, 38 ஆகிவிடுகிறது. அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும் என்பதும் உண்மை. ஆகவே டர்போ இல்லாத காரில் கிடைக்கும் அளவுக்கு இங்கே வெப்பநிலையால் பலன் தெரியாது. ஆனால் கம்ப்ரசரின் வாயில் இறுக்கம் இருந்தால், அதே பூஸ்ட் அழுத்தத்தை, அதாவது டர்போ ஏற்றித் தரும் அழுத்தத்தை, எட்ட அது கூடுதலாகச் சுழல வேண்டும். காற்றும் கூடுதலாகச் சூடாகும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால் டர்போ சற்று முன்னதாக விழித்துக்கொள்ளும். எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றாமல் இதற்கு மேல் பெரிய சக்தியை எதிர்பார்க்காதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். மெல்லிய காற்றில் அதே எடையைச் சேர்க்க வடிகட்டி வழியாக அதிகக் கொள்ளளவு ஓட வேண்டும். இறுக்கம் டர்பனில் கடலோரம் இருக்கும் எங்களைவிட உங்களைத்தான் அதிகம் வருத்தும்.

அளக்காமல் ரம்பத்தைத் தொடாதீர்கள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதைத் தவிர்க்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை ஹார்டுவேர் கடையில் 4 மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் அதன் ஒரு பகுதியை ‘ப’ எழுத்தைப் போல வளைத்துக் கட்டுங்கள். இரண்டு கைகளும் 60 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டால் மட்டம் பளிச்சென்று தெரியும். மஞ்சள்தூள் வேண்டாம்; அது கரையாமல் அடியில் தங்கிவிடும்.

வடிகட்டிப் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து, வடிகட்டிக்குப் பிந்தைய பக்கத்தில், அதாவது சுத்தமான காற்று இருக்கும் பக்கத்தில், ஒரு சிறு துளை போட்டு, குழாயை மாட்டும் சிறு முனையான நிப்பிள் ஒன்றைப் பொருத்துங்கள். துளையின் ஓரப் பிசிறுகளை வழித்து, மூடியைக் கழுவித் துடைத்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். நிப்பிளிலிருந்து குழாயை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, இடையில் ஒரு காலி பாட்டிலை இணைத்துப் பலகையில் சேருங்கள். உறிஞ்சல் அளவு மீறினால் தண்ணீர் அந்தப் பாட்டிலில் விழும், எஞ்சினுக்குப் போகாது. பாட்டிலை விட்டுவிட்டு இதைச் செய்யாதீர்கள்.

பைன்டவுனிலிருந்து குளூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் மேடு இதற்கு ஏற்ற இடம். வேக வரம்புக்குள்ளேயே மூன்றாவது கியரில் எஞ்சின் முழுப் பாரம் இழுக்கும். பக்கத்தில் உட்காருகிறவர்தான் பலகையைப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளின் நீர்மட்டத்துக்கு இடையே 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால், ஏறக்குறைய 10 மில்லிபார் அழுத்தம் வழியிலேயே தொலைகிறது என்று பொருள்.

என் வண்டியில் கம்பெனிப் பெட்டியைத் திரும்பப் பொருத்தி அளந்தபோது 31 சென்டிமீட்டர் வந்தது. வடிகட்டியை மட்டும் புதிதாக மாற்றியதும் 24. பிறகு, ஒரு சோதனைக்காக, முன்புறம் காற்று நுழையும் குறுகிய வாயைக் கழற்றிவிட்டு ஏறினேன்: 13. எங்கே இறுக்கம் என்று அந்தத் தண்ணீரே சொல்லிவிட்டது. உங்களுக்கு முதல் அளவே 10க்குக் கீழே வந்தால், உங்கள் காருக்கு இந்த வேலை தேவையில்லை. பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

காற்று போகும் வழியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: முன்வாய், வடிகட்டி, காற்றளவு சென்சார், ரப்பர் ஹோஸ், டர்போ, இன்டர்கூலர், எஞ்சின். சில டர்போ கார்களில் காற்றளவு சென்சார் இருக்காது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்த சென்சாரை வைத்தே கணினி கணக்கிடும். உங்கள் காரில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்சார் இருந்தால், அதற்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள ஹோஸைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். அந்த ஹோஸில்தான் எஞ்சினின் மூச்சுக்குழாய், பூஸ்டைத் திறந்துவிடும் வால்வின் குழாய், பூஸ்ட் கட்டுப்பாட்டுக் குழாய் ஆகியவை வந்து சேர்கின்றன. அங்கே ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும், கணக்கில் வராத காற்று உள்ளே போகும். அதோடு தூசியும் போகும். சென்சார் உட்கார்ந்திருக்கும் வட்டக் கூட்டையும் மாற்றக்கூடாது. அதன் குறுக்களவை வைத்துத்தான் கணினி காற்றை எடை போடுகிறது. கொஞ்சம் பெரிய குழாயில் அதே சென்சாரைச் செருகினால், வருகிற காற்றைக் குறைவாகக் காட்டிப் பெட்ரோலையும் குறைத்துவிடும். டர்போ எஞ்சினில் பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும் அளவுக்குப் போகலாம்.

ஆகவே நம் வேலை சென்சாருக்கு முன்னால் மட்டும்: பெட்டி, வடிகட்டி, முன்வாய்.

அட்டை, தகடு, ஓரம்

சாட்ஸ்வொர்த்தில் என் பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற தகடு வேலைக்காரர். நாலு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். பாட்டியிடம் கேட்டுக் கற்ற தமிழ் அவருக்கு இன்னும் கொஞ்சம் நாவில் இருக்கிறது. நான் நேரடியாக அலுமினியத் தகட்டில் கோடு போடத் தொடங்கியபோது கையைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, அட்டை முதல்லே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் என்னோடு உட்கார்ந்து, பழைய ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை நறுக்கி, ஒட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி நறுக்கினார். நான்காவது அட்டைதான் சரியாக உட்கார்ந்தது. அந்த நான்கு அட்டைகளுக்கும் செலவு ஒரு ரேண்ட்கூட இல்லை.

அட்டை மாதிரி செய்யும்போது பார்க்க வேண்டியவை இவை. வடிகட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 2 அல்லது 3 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். எஞ்சினைப் பார்த்த சுவர் முழுமையாக மூடியிருக்க வேண்டும். பெட்டியின் மேல் ஓரம் பானெட்டின் உள்பக்கத்தை ஒட்ட வேண்டும், ஆனால் முட்டக்கூடாது. கார் கதவுகளில் வரும் ரப்பர் பட்டையை அந்த ஓரத்தில் மாட்டினால், பானெட்டை மூடும்போது அதுவே மூடியாகிவிடும். எங்கே சரியாக ஒட்டவில்லை என்று அறிய, ரப்பரின் மேல் களிமண் உருண்டைகளை வைத்து பானெட்டை மெல்ல மூடித் திறங்கள். நசுங்காத உருண்டை இருக்கும் இடத்தில்தான் சுடுகாற்று நுழையும்.

தகடு 1.5 மில்லிமீட்டர் அலுமினியம் போதும். அதைவிட மெல்லியது அதிர்ந்து ஓசை எழுப்பும். தடித்தது கையால் வளையாது. அட்டையை வைத்துக் கோடு போட்டு, தகடு வெட்டும் கத்தரியால் வெட்டி, இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையே இறுக்கி மடியுங்கள். மூலைகளை ரிவெட் அடித்து இணைக்கலாம். வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பிவிசி குழாயையும் துணி உலர்த்தும் இயந்திரத்தின் நெளிகுழாயையும் வைத்துச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிவிசி எஞ்சின் சூட்டில் இளகும். நெளிகுழாய் உறிஞ்சலில் சப்பிப்போகும். இரண்டும் வேண்டாம்.

வடிகட்டிக்கும் சென்சாருக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் நேரான அலுமினியக் குழாய் தேவை. வளைவை ஒட்டி சென்சார் இருந்தால் காற்று ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடும், அளவு தவறும். குழாயின் குறுக்களவு சென்சார் கூட்டின் வாய்க்குப் பொருந்த வேண்டும். வெர்னியரால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இரண்டையும் சேர்க்க, உள்ளே துணி இழை வைத்த சிலிக்கோன் இணைப்பு. பெட்டி காரின் உடலோடு திருகப்படுகிறது, எஞ்சினோ ஆடுகிறது. அந்த ஆட்டத்தை இந்த ஒரு துண்டு சிலிக்கோன்தான் தாங்கும். பெட்டியின் கால்களுக்கும் ரப்பர் வாஷர் போடுங்கள்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். டர்போவின் கம்ப்ரசர் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. நண்பர் ஒருவர் குழாயைக் காரில் வைத்தபடியே துளை போட்டார். சுருள் சுருளாக வந்த அலுமினியச் சீவலில் ஒன்று உள்ளே விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் டர்போவிலிருந்து ஊளைச் சத்தம் வந்தது. ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கத்தி முனைபோல் இருக்க வேண்டிய சக்கர இதழ்களின் ஓரம் எலி கொறித்ததுபோல் இருந்தது. விரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு சீவல் செய்த வேலை அது. வெட்டுவது, துளைப்பது, அரம் போடுவது எல்லாம் மேசையில். பிறகு உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுங்கள். துணியில் ஒரு மினுமினுப்புகூட இருக்கக்கூடாது. காரில் திறந்திருக்கும் ஹோஸ் வாயை அடைக்கத் துணியைத் திணிக்காதீர்கள், மறந்துவிடுவோம். பெரிய பிளாஸ்டிக் பையை வெளியே மாட்டி ரப்பர் வளையம் போடுங்கள். அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

காற்று எங்கிருந்து?

வடிகட்டியிலிருந்து சென்சாருக்குப் போகும் குழாய் 76 மில்லிமீட்டர் குறுக்களவு என்றால், அதன் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 45 சதுர சென்டிமீட்டர். பெட்டிக்குள் காற்று வரும் முன்வாய் அதைவிடச் சிறியதாக இருந்தால் மீண்டும் தொண்டையை இறுக்குகிறோம். கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில், ஹெட்லைட் உயரத்தில் இருக்கும் இடைவெளி நல்லது. ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து எடுத்தால், அது ஏற்கெனவே சுட்ட காற்று.

பம்பருக்குள் கீழே வடிகட்டியை வைத்தால் காற்று இன்னும் குளிர்ச்சியாகக் கிடைக்கும் என்று சொல்வார்கள். டர்பனில் அதைச் செய்யாதீர்கள். 2022 ஏப்ரல் மழையை நாம் பார்த்தோம். ப்ராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையே வெள்ளத்தில் மூழ்கி மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டாம். சாலையில் முழங்கால் அளவு தேங்கிய நீர் போதும். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் ஒரு குவளை போய்விட்டால் பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்டியின் அடியில் 6 மில்லிமீட்டரில் இரண்டு வடிகால் துளைகள் போடுங்கள்; முன்வாய்க் குழாய் பெட்டிக்குள் நேராக வடிகட்டியைப் பார்த்து நிற்காமல் பக்கவாட்டில் நுழையட்டும். மழைத்துளிகள் சுவரில் மோதிக் கீழே வடிந்துவிடும்.

வடிகட்டி விஷயத்தில் என் தீர்ப்பு: எண்ணெய் தடவாத உலர் வடிகட்டி. எண்ணெய் தடவிய பஞ்சு வடிகட்டியில் எண்ணெய் சற்று மிகுந்தால் அது சென்சாரின் மெல்லிய சூட்டுப் படலத்தில் படிந்து அளவைக் கெடுக்கும். மேலும் வெருலம், டோங்காட் பக்கம் கரும்பு எரிக்கும் மாதங்களில் கறுப்புச் சாம்பல் துணிக்கொடியில்கூட வந்து உட்காரும். எண்ணெய்ப் பஞ்சில் அது பசையாகிவிடும். உலர் வடிகட்டியிலிருந்து தட்டினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

பொருத்திய பிறகு

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் பொருத்தத் தொடங்குங்கள். சென்சார் கூட்டின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது டர்போவைப் பார்க்க வேண்டும். கிளாம்ப்களைக் குழாய் கையால் திரும்பாத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் சிலிக்கோனை வெட்டும்.

எஞ்சின் கணினியின் எண்களைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை இணைத்து, இரண்டு மூன்று நாள் வழக்கம்போல ஓட்டிய பிறகு, நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற எண்ணைப் பாருங்கள்; கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது சொல்லும். வேலைக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்பதையும் குறித்து வைத்திருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் நகர்ந்திருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது சென்சார் தவறாக அளக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்ட வேண்டாம்.

பிறகு மறுபடியும் கேசரிப் பவுடர் தண்ணீரோடு ஃபீல்ட்ஸ் ஹில். நிப்பிளை இப்போது வடிகட்டிக்குப் பின்னால் உள்ள நேர்க்குழாயில் வைத்துக்கொள்ளலாம். அதற்கான துளையையும் மேசையில்தான் போட வேண்டும். எனக்கு 12 சென்டிமீட்டர் வந்தது. வெப்பமானி வெளிக்காற்றைவிட 5 டிகிரி மட்டுமே கூடுதலாகக் காட்டியது. அடுத்த பெரிய வெள்ளி வரிசையில் அது 41வரை ஏறியது. நின்றுகொண்டிருக்கும் காரில் எந்தப் பெட்டியாலும் சூட்டை முழுவதும் தடுக்க முடியாது. வரிசை கலைந்து ஒரு நிமிடம் ஓடியதும் 32க்கு இறங்கிவிட்டது. அளவு எடுத்து முடிந்ததும் நிப்பிளை ரப்பர் மூடியும் கிளாம்ப்பும் போட்டு அடைத்துவிடுங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லாக் கிளாம்ப்களையும் ஒருமுறை சரிபாருங்கள். புதிய சிலிக்கோன் சற்றுத் தளரும். முதல் பெரிய மழைக்கு மறுநாள் பெட்டியைத் திறந்து வடிகட்டி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கடற்கரையோரம் இருந்தால் ரிவெட் தலைகளில் வெள்ளைப் பூப்பு வருகிறதா என்றும் கவனியுங்கள். இரும்புத் திருகுகளுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டு, இடையில் ரப்பர் வாஷர் வையுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு இந்த மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணமாகலாம். கார் வாரண்டியில் இருந்தால், அது முடியும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

கழற்றிய கம்பெனிப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் திருகுகளை ஒரு சிறிய பையில் போட்டு, பெட்டியோடு கட்டி, வண்டியின் பெயரை எழுதி கேரேஜில் மேலே வையுங்கள். அளவுகள் எழுதிய தாளையும் அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். என்னுடையது இன்னும் பக்கத்து வீட்டு மாமாவின் நான்காவது அட்டையோடு அங்கேதான் இருக்கிறது.